அப்பாரு காலத்து ஆங்கிலப் பத்திரத்தைப் படிப்பது எப்படி?

கொங்கு நாட்டுக் குடும்பங்களின் பெட்டிகளில் இருக்கும் பழைய நிலப் பத்திரங்களில் பெரும்பாலானவை தமிழில் எழுதப்பட்டவைதாம். எனினும் மில்கள், மிஷன்கள், வங்கிகள், ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்கள் ஆகியோரோடு நடந்த கிரயங்களும், வக்கீலை வைத்து எழுதிய உயில்களும், கோர்ட்டு டிக்ரிகளும் ஆங்கிலத்தில் இருப்பது அபூர்வமில்லை. 1888இல் கோயமுத்தூரில் முதல் நூற்பாலை தொடங்கப்பட்ட பிறகு, நகரத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களும் மனைகளும் இத்தகைய ஆங்கிலப் பத்திரங்களின் மூலம் கை மாறியிருக்கின்றன. இன்றைய ஆங்கிலத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கூட அவற்றின் முன் தடுமாறுகிறார். காரணம், அந்த மொழி இங்கிலாந்தின் நிலப்பிரபுத்துவக் காலத்திலிருந்து வந்த மொழி. இந்த வழிகாட்டி அப்படித் தடுமாறி நிற்பவர்களுக்காக எழுதப்படுகிறது. இதைப் படித்துவிட்டு வக்கீல் இல்லாமலே வழக்கு நடத்திவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஆனால் வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போக முடியும்.

தொடங்கும் முன்

மூலப் பத்திரத்தின் மேல் எதையும் எழுதாதீர்கள், கோடிடாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம், அது இருக்க வேண்டியவரிடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்துகள் உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள நம் சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த ஆவணம் நேற்றுத் திருத்தியதுபோல் தோற்றமளித்தால் அந்த அனுமானத்தை நாமே கெடுத்துக்கொண்டவர்கள் ஆவோம். ஆகவே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, பெரிய தாளில் அச்சிட்டு, அந்த நகலில் வேலை செய்யுங்கள். கையில் இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இரண்டு என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

பத்திரத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவதுதான் பலரும் களைத்துப்போவதற்குக் காரணம். கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஷெட்யூலை, அதாவது சொத்து விவரத்தை, முதலில் படியுங்கள். ரிஜிஸ்திரேஷன் மாவட்டம், சப் மாவட்டம், தாலுகா, கிராமம், க.ச. எண் (நிலத்தின் சர்வே எண்), ஏக்கர் சென்ட், தீர்வை, நான்கு எல்லை என்று அந்தப் பகுதி நம் தமிழ்ப் பத்திரத்தைப் போலவே இருக்கும். ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். நம் பத்திரங்களில் "இன்னார் பூமிக்குக் கிழக்கு" என்று எழுதுவார்கள். அதன் பொருள், நம் நிலம் அவர் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது, அவர் நமக்கு மேற்கெல்லை என்பது. ஆங்கிலப் பத்திரம் அதையே "பவுண்டட் ஆன் தி வெஸ்ட் பை" என்று சொல்லும். இது தெரியாமல் 1925ஆம் ஆண்டு ஆங்கிலப் பத்திரத்தையும் 1950ஆம் ஆண்டு தமிழ்ப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர், திசைகள் மாறியிருக்கின்றன, ஏதோ மோசடி நடந்திருக்கிறது என்று கலங்கிப்போகிறார். எல்லைக்கும் பரப்பளவுக்கும் உண்மையாகவே முரண்பாடு இருந்தால், எல்லைகள் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும் பட்சத்தில், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைகளுக்கே முதலிடம் கொடுக்கின்றன.

இத்தனை சொற்கள் எதற்காக

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சும் ஆவணங்களில் லத்தீனும் வந்து அமர்ந்தன. ஊர் மக்கள் பேசியதோ ஆங்கிலம். வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362இலேயே சட்டம் வந்தும் பழக்கம் விடவில்லை. 1733இல்தான் லத்தீனும் சட்டப் பிரெஞ்சும் நீதிமன்ற நடைமுறையிலிருந்து சட்டப்படி விலக்கப்பட்டன. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எழுத்தர்கள் ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று மொழிச் சொற்களைச் சேர்த்தே எழுதிப் பழகிவிட்டார்கள். "வில் அண்ட் டெஸ்டமென்ட்", "குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்", "கிவ், டிவைஸ் அண்ட் பிக்வீத்" என்று வருவனவெல்லாம் அந்தப் பழக்கத்தின் மிச்சம். பத்திரத்தின் நீளத்தை வைத்துக் கூலி வாங்கும் முறை அங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்ததும் சொற்கள் பெருகியதற்கு ஒரு காரணம்.

இதைக் கேட்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை. "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று நம் பத்திர எழுத்தர்களும் எழுதினார்கள். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று வடமொழிச் சொற்களை அடுக்கினார்கள். தாவா, பிராது, ஜப்தி, வாயிதா போன்ற சொற்களைப் பாரசீக வழியிலும் அரபு வழியிலும் பெற்றுக்கொண்டார்கள். 1792இல் சேலம் பகுதியும் 1799இல் திப்பு வீழ்ந்தபின் கோயமுத்தூரும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தபோது, இந்த அடுக்குகளின் மேல் ஆங்கில அடுக்கு ஒன்று வந்து சேர்ந்தது.

இனி இரண்டு பேனாவின் வேலைக்கு வருவோம். பழைய பத்திரத்தில் உள்ள சட்டச் சொற்கள் இரண்டு வகைப்படும்: உரிமையை விரித்துச் சொல்பவை, உரிமையைக் குறைப்பவை. விரித்துச் சொல்பவை கூட்டமாக வரும். அவற்றில் ஒன்றிரண்டைப் புரிந்துகொண்டு மற்றவற்றைத் தாண்டிப் போனால் பெரிய நட்டமில்லை. குறைப்பவை தனியாக, பெரும்பாலும் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் வரும். அவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் முழுப் பொருளும் மாறிவிடும். "சப்ஜெக்ட் டு", "எக்ஸெப்டிங் அண்ட் ரிசர்விங்", "சேவ் அண்ட் எக்ஸெப்ட்", "ப்ரொவைடட் ஆல்வேஸ்", "ஃபார் லைஃப்", "அன்டில்" ஆகிய தொடர்களைக் கண்ட இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடிடுங்கள். மற்றப் பேனா விரிக்கும் சொற்களுக்கு. இந்த வேலையை முதலில் முடித்துவிட்டு அகராதியைத் திறப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்துக்கொண்டு போகிறவருக்கு, பத்தாவது பக்கத்தில் இருக்கும் ஒரு "ப்ரொவைடட்" கண்ணில் படுவதே இல்லை.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

அவிநாசிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கிரயப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஆல் தட் பீஸ் ஆர் பார்சல் ஆஃப் புஞ்சை லேண்ட், டுகெதர் வித் ஆல் மெசுவேஜஸ், டெனமென்ட்ஸ், ஹெரெடிட்டமென்ட்ஸ், வாட்டர்கோர்சஸ், ஈஸ்மென்ட்ஸ் அண்ட் அப்பர்டெனன்சஸ், அண்ட் அன் அன்டிவைடட் மொயட்டி ஆஃப் தி வெல், டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட் தி சேம் அன்டு அண்ட் டு தி யூஸ் ஆஃப் தி பர்ச்சேசர், ஹிஸ் ஏர்ஸ், எக்ஸிக்யூட்டர்ஸ், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் அண்ட் அசைன்ஸ் ஃபார் எவர், சப்ஜெக்ட் டு தி ரைட் ஆஃப் வே ஹியரின்ஆஃப்டர் மென்ஷன்ட்."

மெசுவேஜ் என்பது வீடும் அதைச் சேர்ந்த கொட்டகை, தோட்டம், முற்றமும் சேர்ந்தது. நம் சொல்லில் சாளையும் வாசலும் களமும் கட்டுத்தரையும். டெனமென்ட் என்பது ஒருவர் மற்றொருவரிடமிருந்து பெற்று வைத்திருக்கக்கூடிய எந்த நிலையான சொத்தும் ஆகும். இன்றைய குடியிருப்புப் பொருளை இங்கே ஏற்றக் கூடாது. ஹெரெடிட்டமென்ட் என்பது வாரிசுக்கு இறங்கக்கூடிய எதுவும். கண்ணுக்குத் தெரியும் நிலமும், கண்ணுக்குத் தெரியாத வழி உரிமையும் அதனுள் அடங்கும். அப்பர்டெனன்ஸ் என்பது முக்கியச் சொத்தோடு ஒட்டிக்கொண்டு செல்வது. நிலத்தை மாற்றும்போது அதனோடு இணைந்த பாத்தியங்களும், மண்ணில் பதிந்திருப்பவையும், வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, தாமாகவே வாங்குபவருக்குப் போய்ச்சேரும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 8ஆம் பிரிவே சொல்லிவிட்டதால், இந்தச் சொற்களில் ஒன்று விடுபட்டிருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. இவை விரிக்கும் கூட்டம்.

ஈஸ்மென்ட் சற்று நின்று பார்க்க வேண்டிய சொல். ஒரு நிலத்தை நன்றாக அனுபவிப்பதற்காக, அடுத்தவர் நிலத்தின் மேல் ஒருவருக்கு இருக்கும் உரிமை இது. பாத்தியம் உள்ள நிலத்தைச் சட்டம் டாமினன்ட் என்றும், பாத்தியத்துக்கு உட்பட்ட நிலத்தைச் சர்வியன்ட் என்றும் அழைக்கிறது. 1882இல் வந்த ஈஸ்மென்ட் சட்டம் தொடக்கத்தில் சென்னை மாகாணம் உள்ளிட்ட சில பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது; நம் தாத்தாக்கள் முதல் ஆண்டிலிருந்தே அதன் கீழ் வாழ்ந்தவர்கள். தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாக இருபது ஆண்டு அனுபவித்தால் வண்டித்தடமும் வாய்க்காலும் பாத்தியமாகும்; அரசு நிலத்தின் மேல் என்றால் முப்பது ஆண்டு. பாகம் பிரித்ததில் ஒருவருடைய பங்குக்கு வழியே இல்லாமல் போனால், அவசியத்தின் பேரில் உண்டாகும் பாத்தியம் தனி வகை.

அதே வரியில் கிணற்றைப் பற்றி வரும் மொயட்டி என்ற சொல்லுக்குச் சரிபாதி என்பது பொருள். அன்டிவைடட் மொயட்டி என்றால் பிரிபடாத சரிபாதி. கொங்கு நாட்டில் கிணற்றுத் தகராறுகள் எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். கிணற்றில் மொயட்டி என்று எழுதியிருந்தால், கிணறும் அது இருக்கும் இடமும் பாதி உங்களுடையவை. நீங்கள் கூட்டு உரிமையாளர். "ரைட் டு டிரா வாட்டர்" என்று மட்டும் இருந்தால், கிணறு அடுத்தவருடையது. உங்களுக்கு இறைத்துக்கொள்ளும் பாத்தியம் மட்டுமே. மாடு பூட்டிக் கவலையால் நீர் இறைத்த காலத்தில் இரண்டுக்கும் நடைமுறையில் வேறுபாடு தெரிந்திருக்காது. எந்தக் கரையில் எந்த நாளில் யார் ஏர் பூட்டி இறைப்பது என்ற முறையை வைத்து எல்லாம் நடந்தது. மோட்டார் வைப்பது, ஆழப்படுத்துவது, பக்கத்தில் போர் போடுவது என்று வரும்போதுதான் அந்த ஒரு சொல் கணக்குக்கு வருகிறது.

"டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்" என்று தொடங்கும் பகுதியை லத்தீன் பெயரால் ஹபெண்டம் என்பார்கள். எவ்வளவு உரிமை, எவ்வளவு காலத்துக்கு என்று அளந்து சொல்லும் இடம் இதுதான். இங்கே வரும் "யூஸ்" என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. உபயோகித்துக்கொள்ள மட்டும் கொடுத்திருக்கிறார்கள், விற்க உரிமை இல்லை என்று இதைப் படித்துவிடுகிறார்கள். இந்த யூஸ் நன்மை என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஒருவர் பெயரில் நிலத்தை வைத்து மற்றொருவர் நன்மையை அனுபவிக்கும் பழைய இங்கிலாந்து ஏற்பாட்டின் பெயர். எட்டாம் ஹென்றி 1536ஆம் ஆண்டுச் சட்டத்தால், நன்மை யாருக்கோ உரிமையும் அவருக்கே என்று ஆக்கினார். அதற்குப் பிறகு "அன்டு அண்ட் டு தி யூஸ் ஆஃப்" என்று எழுதினால், உரிமையும் நன்மையும் வாங்குபவருக்கே என்று பொருள். ஏர்ஸ், அதாவது வாரிசுகள், என்ற சொல் இல்லாவிட்டால் வாங்கியவர் ஆயுளோடு உரிமை முடிந்துவிடும் என்ற விதி பழைய இங்கிலாந்தில் இருந்ததால்தான் அந்தச் சொல்லைத் தவறாமல் எழுதினார்கள். நம் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அசைன்ஸ் என்போர் அவர் பிற்பாடு யாருக்கு மாற்றிக் கொடுக்கிறாரோ அவர்கள். இப்படி முழுமையாகக் கிடைக்கும் உரிமைக்கு ஃபீ சிம்பிள் என்று பெயர். கட்டணம் என்ற பொருளுடைய ஃபீ இங்கே இல்லை, நிலப்பிரபுத்துவ மானியத்தைக் குறித்த பழஞ்சொல் அது.

பத்தியின் கடைசியில் ஒரு "சப்ஜெக்ட் டு" இருக்கிறதல்லவா? சிவப்புக் கோடு விழ வேண்டிய இடம் அது. வாங்கிய நிலத்தின் வழியாக வேறொருவருக்கு நடக்கவோ வண்டி ஓட்டவோ பாத்தியம் உண்டு என்று அந்தச் சிறு தொடர் சொல்கிறது.

இன்றைய ஆங்கிலத்தை நம்பிப் படித்தால் ஏமாற்றும் சொற்கள்

அரிய சொற்களை எப்படியும் தேடிப் பார்த்துவிடுவோம். தெரிந்த சொல் என்று நினைத்துத் தாண்டிவிடும் சொற்களில்தான் ஆபத்து அதிகம். "நோ ஆல் மென் பை தீஸ் பிரசென்ட்ஸ்" என்று தொடங்கும் பத்திரத்தில் யாரும் யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை; பிரசென்ட்ஸ் என்பது இந்த ஆவணத்தையே குறிக்கும். குத்தகைப் பத்திரத்தில் "டிமைஸ்" என்று வந்தால் யாரும் இறக்கவில்லை. குத்தகைக்கு விடுவதற்கே அந்தப் பெயர். அதே பத்திரத்தில் "தி லீஸ் ஷல் டிடர்மின்" என்றால், குத்தகை முடிவுக்கு வரும் என்று பொருள்; தீர்மானிக்கும் என்று எடுத்துக்கொண்டால் வாக்கியமே விளங்காது. "வேஸ்ட்" என்பது குத்தகைதாரர் மரத்தை வெட்டியும் கட்டடத்தை இடித்தும் சொத்துக்குச் செய்யும் சேதம். குப்பையையோ தரிசையோ அது குறிப்பதில்லை. பனையும் வேம்பும் நின்ற தோட்டங்களின் குத்தகையில் இந்தச் சொல்லைக் கட்டாயம் தேடுங்கள்.

உயிலில் "இஷ்யூ" என்றால் பிரச்சினை அன்று. பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று இறங்கும் வழித்தோன்றல்கள். "டைட் வித்தவுட் இஷ்யூ" என்பதற்குச் சந்ததி இல்லாமல் காலமானார் என்று பொருள். "இன்ஃபன்ட்" கைக்குழந்தை அன்று. மேஜராகாத யாரும் இன்ஃபன்ட்தான், பதினேழு வயதுப் பையனும் அதில் அடக்கம். "ரெலிக்ட்" விதவை. "எக்ஸிக்யூஷன்" பத்திரத்தில் வந்தால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தது. டிக்ரியில் வந்தால் தீர்ப்பை நிறைவேற்றுதல். "ஏலியன்" என்பது வினைச்சொல்லாக வரும்போது பிறருக்கு உரிமை மாற்றுவது. "ஜாயின்ட்லி அண்ட் செவரலி" என்று கடன் பத்திரத்தில் இருந்தால், பலர் என்ற பொருளை விட்டுவிடுங்கள். எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுக் கடனுக்கும் பொறுப்பு, கொடுத்தவர் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். அண்ணன் வாங்கிய கடனுக்குத் தம்பி கையெழுத்துப் போட்ட பல குடும்பங்கள் இந்தச் சொல்லின் பொருளை ஜப்திக்கு அமீனா வந்தபோதுதான் தெரிந்துகொண்டன.

சாட்டல் என்பது அசையும் சொத்து. ஆங்கிலத்தில் மாட்டைக் குறிக்கும் கேட்டில் என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. மாடு என்பதற்குச் செல்வம் என்ற பொருள் தமிழிலும் உண்டு என்பதைக் காங்கயம் மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடமானமா, கிரயமா

அதிகக் கவனம் வேண்டிய பகுதி இது. மார்ட்கேஜ் என்ற சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் செத்த ஈடு என்பது பொருள். குறித்த நாளில் பணம் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவருக்குச் செத்தது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்குச் செத்தது என்று 15ஆம் நூற்றாண்டு நீதிபதி லிட்டில்டன் இதற்கு விளக்கம் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலாந்து அடமானம் பார்வைக்கு முழுக் கிரயமாகவே இருக்கும்: நிலம் கடன் கொடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கப்படும், அதன்பின் "ப்ரொவைடட் ஆல்வேஸ்" என்று தொடங்கி, இன்ன நாளில் அசலும் வட்டியும் கட்டினால் நிலத்தைத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வரும். நம் சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் இங்கிலீஷ் மார்ட்கேஜ் என்ற பெயரோடு இந்த வடிவம் அப்படியே இருக்கிறது. முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, எங்கள் அப்பாரு நிலத்தை விற்றுவிட்டார் என்று முடிவு செய்கிறவர்கள், அந்த நிபந்தனை இருக்கிறதா என்று கடைசி வரை தேடிப் பார்க்க வேண்டும்.

குறித்த நாள் தவறினாலும் கடனைக் கட்டி நிலத்தை மீட்கலாம் என்ற நியாயத்தை இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் 17ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டியது. அதற்கு ஈக்விட்டி ஆஃப் ரிடெம்ப்ஷன் என்று பெயர். நம் சட்டத்தில் 60ஆம் பிரிவு இந்த மீட்கும் உரிமையைத் தருகிறது. அதைப் பறிக்கும் எந்த ஷரத்தையும் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அதற்கு மாறாக, மீட்கும் உரிமையை நீதிமன்றத் தீர்ப்பால் நிரந்தரமாக அடைத்துவிடுவதே ஃபோர்குளோஷர்.

நம் ஊரில் போக்கியம் அல்லது ஒத்தி என்று நடந்தது, ஆங்கிலப் பத்திரத்தில் யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ் என்று வரும். கடன் கொடுத்தவர் நிலத்தைச் சுவாதீனமாக வைத்துக்கொண்டு, விளைச்சலை வட்டிக்கோ அசலுக்கோ எடுத்துக்கொள்வார். மீட்பதற்கான கெடு, 1908ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் அறுபது ஆண்டாக இருந்து, 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் முப்பதாகக் குறைந்தது. ஆனால் போக்கியத்தைப் பொறுத்தவரை, பத்திரம் எழுதிய தேதியிலிருந்து அந்தக் கெடு தானாக ஓடத் தொடங்குவதில்லை, கடன் தீர்ந்த பிறகே தொடங்குகிறது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சிங் ராம் வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே பாட்டன் வைத்த போக்கியப் பத்திரம் கிடைத்தால், காலம் போய்விட்டது என்று தூக்கி எறியாமல் வக்கீலிடம் காட்டுங்கள்.

நிபந்தனைக் கிரயமும் ஓர் அடமான வகைதான். ஆனால் 1929ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, திருப்பி எழுதிக் கொடுக்கும் நிபந்தனை அதே பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும். ஒரே நாளில் கிரயம் ஒன்றும் மீள்கிரய ஒப்பந்தம் தனியாக ஒன்றும் எழுதியிருந்தால் நிலைமை வேறு.

வாரிசுச் சொற்கள்

கோபார்சனர் என்ற சொல் நம் கூட்டுக்குடும்பச் சட்டத்தின் நடுநாயகம். இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் மகன் இல்லாதபோது மகள்கள் சேர்ந்து சொத்துக்கு வாரிசானால், அந்தப் பெண்களைக் கோபார்சனர்கள் என்றார்கள். அதே பெயரை ஆங்கிலேய நீதிபதிகள் இங்கே பிறப்பால் பங்கு பெறும் ஆண்களுக்குச் சூட்டினார்கள். பழைய பத்திரத்தில் இந்தச் சொல்லைக் கண்டு ஆங்கிலச் சட்ட அகராதியைத் திறந்தால், நேர்மாறான பொருளே கிடைக்கும். மகள்களுக்கு அந்த இடம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அந்தத் தேதிக்கு முன் மணமாகாதவர்களுக்குக் கிடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தத்தால் எல்லா மகள்களுக்கும் கிடைத்தது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை இது தொடுவதில்லை. சீர் கொடுத்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருப்பதால், அந்தக் கையெழுத்துக்கு முன் இந்த ஒரு சொல்லையாவது ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

லைஃப் எஸ்டேட் என்பது ஆயுள் பாத்தியம். அனுபவிக்கலாம், அந்த ஆயுளைத் தாண்டி விற்க முடியாது. அவருக்குப் பின் யாருக்கு என்று பத்திரத்திலேயே சொல்லப்பட்டிருந்தால், அவருடைய உரிமை ரிமெயின்டர். சொல்லப்படாமல் எழுதிக் கொடுத்தவருக்கே திரும்பினால் அது ரிவர்ஷன். நம் பழைய டிக்ரிகளில் ரிவர்ஷனர் என்று வருபவர், பெரும்பாலும், கணவன் சொத்தை ஆயுள் வரை வைத்திருந்த விதவைக்குப் பின் வரக் காத்திருந்த பங்காளி. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அத்தகைய பெண்களின் குறைந்த உரிமையை முழு உரிமையாக்கியது. ஆனால் ஓர் ஆவணமே புதிதாக ஆயுள் பாத்தியம் மட்டும் கொடுத்திருந்தால் அதற்கு விலக்கும் வைத்தது. அந்த விலக்கில்தான் வழக்குகள் பெருகின. ஆகவே இங்கே ஆண்டையும் வாசகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிள்ளை, அவர் பிள்ளை என்று நேர்ச் சந்ததியில் மட்டும், பல வேளை ஆண்வழியில் மட்டும், என்றென்றும் இறங்க வேண்டும் என்று கட்டி வைக்கும் ஃபீ டெயில் என்ற முறை 1285ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் இங்கிலாந்தில் நிலைபெற்றது. இந்துக்கள் உயிலின் மூலம் அப்படிப் புதுவகை வாரிசு முறையை உண்டாக்க முடியாது என்று, அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1872இல் தாகூர் வழக்கில் தீர்த்துவிட்டது. எனவே நம் ஊர் உயிலில் அத்தகைய வாசகம் இருந்தால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது கேள்விக்குரியது.

புரொபேட் என்பது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று. உயிலை நிறைவேற்ற அதிலேயே நியமிக்கப்பட்டவர் எக்ஸிக்யூட்டர். உயில் இல்லாமல் இறந்தவர் இன்டெஸ்டேட். வாரிசே இல்லாதவர் சொத்து அரசுக்குப் போவது எஸ்சீட். சென்னை நகருக்கு வெளியே எழுதப்பட்டு வெளியே உள்ள சொத்தைப் பற்றிய இந்து உயில்களுக்குப் புரொபேட் கட்டாயமாக இருந்ததில்லை என்பதால், கொங்கு மாவட்டக் குடும்பங்களில் அது இல்லாதது குறையன்று.

கையெழுத்தும் பின்பக்கமும்

இன்டென்ச்சர் என்று தலைப்பிட்ட பத்திரம் இரு தரப்புப் பத்திரம். ஒரே தோலில் இரண்டு படி எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொன்று கொடுத்த காலத்தின் பெயர் அது. வெட்டுகள் பொருந்தினால் பத்திரம் உண்மை. ஒரு தரப்பு மட்டும் எழுதிக் கொடுத்ததன் ஓரம் நேராக வெட்டப்பட்டதால் அதற்கு "டீட் போல்" என்று பெயர். "சைன்ட், சீல்ட் அண்ட் டெலிவர்ட்" என்பதில் முத்திரையைத் தேட வேண்டாம். இந்தியத் தனிநபர் பத்திரங்களுக்கு முத்திரை தேவைப்பட்டதில்லை. "ஹிஸ் மார்க்" என்று பெயரின் நடுவே எழுதியிருந்தால், நம் பத்திரங்களில் வரும் தற்குறியும் கீறலும் அதுதான். கிரயத்துக்குச் சாட்சிக் கையெழுத்து சட்டப்படி கட்டாயமில்லை. அடமானம், தானம், உயில் ஆகியவற்றுக்குக் குறைந்தது இருவர் வேண்டும். உயிலில் சாட்சிகளின் ஊரும் தகப்பனார் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் அவர்கள் கையெழுத்தை அறிந்தவரைத் தேட அது உதவும்.

பசலி ஆண்டு எழுதியிருந்தால் அதனோடு 590ஐக் கூட்டுங்கள். நம் பகுதியில் பசலி ஜூலை முதல் தேதி தொடங்கும் என்பதால், கிடைக்கும் ஆண்டின் ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரை கணக்கு. 1957 ஏப்ரலுக்கு முந்தைய தொகைகளில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை.

பின்பக்கத்தைப் புரட்டுங்கள். பதிவு அலுவலகத்தின் குறிப்பில் ஆவண எண், ஆண்டு, புக் எண், வால்யூம், பக்கங்கள் ஆகியவை இருக்கும். நிலம் பற்றிய ஆவணங்கள் புக் 1இலும் உயில்கள் புக் 3இலும் பதிவாகின்றன. புக் 1இன் நகலை யார் வேண்டுமானாலும் மனுச் செய்து வாங்கலாம். புக் 3இன் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோதான் பெற முடியும். வில்லங்கச் சான்று புக் 1இல் உள்ளதையே காட்டும். ஆகவே பதிவாகாமல் வங்கியில் மூலப்பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் அதில் தெரியாமல் போகலாம். இந்த எண்களை ஒரு தாளின் மேல் பகுதியில் எழுதிக்கொண்டு, அதன் கீழே நீங்கள் சிவப்புக் கோடிட்ட வாசகங்களைப் பக்க எண்ணோடு வரிசையாக எழுதி, சான்றிட்ட நகலையும் சேர்த்து வக்கீலிடம் கொடுங்கள். மூலப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.